ஸ்போலியாரியம் தீட்டிய கை



இரும்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் எமக்கு ஓவியக் கலையில் என்ன வேலை என நீங்கள் வினவலாம், வினவுதல் நியாயமே. ஆயினும் பிலிப்பைன்ஸ் நாட்டு ஓவியர் ஹுவான் லூனாவின் வரலாற்றைப் படித்த நாள்முதல் அவர் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1857-இல் படோக் என்னும் ஊரில் பிறந்த லூனா இளமையில் பயின்றது மாலுமித் தொழில். 1877-இல் ஓவியம் கற்க ஸ்பெயின் சென்றார். பின்னர் ரோமாபுரியில் தங்கி 'ஸ்போலியாரியம்' என்னும் பெரும்படத்தைத் தீட்டினார். உயரம் நான்கு மீட்டருக்கு மேல். அகலம் ஏழரை மீட்டருக்கு மேல். எங்கள் சரக்குக் கொட்டகைக் கதவிலும் அது நுழையாது! அரங்கில் போரிட்டு மாண்ட அடிமை வீரர்களின் உடல்களை இருண்ட நிலவறைக்குள் இழுத்துச் செல்லும் காட்சி அது.

1884-இல் மாட்ரிட் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவர் நாட்டவரான இடால்கோவுக்கு வெள்ளிப் பதக்கம். ஆளப்படும் நாட்டார் இருவர் ஆள்வோரின் தலைநகரிலேயே வென்றனர்! அவர்களுக்கு அளித்த விருந்தில் இருபத்துமூன்று வயது ஹோசே ரிசால் ஆற்றிய உரை, அந்நாட்டு விடுதலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

இவ்வளவில் நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எம் இல்லக்கிழத்தியார் இவ்வுரையின் முதற்படியைக் கேட்டுவிட்டு, "அவர் மனைவி என்ன ஆனார்?" என்றார். யாம் அதனை எழுதாது விட்டிருந்தோம்.

1892-இல் பாரிஸ் நகரில், மனைவி பாஸ் மீது ஐயங்கொண்ட லூனா, அவரையும் அவர்தம் அன்னையையும் சுட்டுக் கொன்றார். 1893-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அத்தீர்ப்பை எம் மனம் ஏற்கவில்லை. படத்தின் பெருமையால் குருதியைக் கழுவ இயலாது. குருதியைக் காட்டிப் படத்தைக் கிழிக்கவும் எமக்குக் கை வரவில்லை.

தாயகம் திரும்பிய அவர் 1896-இல் கிளர்ச்சி ஐயத்தின்பேரில் சிறைப்பட்டு, மறு ஆண்டு விடுதலையானார். 1899-இல், தம்பியும் படைத்தலைவருமான அந்தோனியோ கொலையுண்ட சில திங்களில், ஹாங்காங்கில் மாரடைப்பால் இறந்தார்.

1958-இல் ஸ்பெயின் அரசு ஸ்போலியாரியத்தைப் பிலிப்பைன்ஸுக்கு வழங்கியது. இன்று அது மனிலா தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. யாம் கண்டது அச்சுப்படமே. அதன் வலப்புறத்தில், நமக்கு முதுகு காட்டி, ஒரு பெண் தரையில் சரிந்து அமர்ந்திருக்கிறாள். எம் கண் ஒவ்வொரு முறையும் அவளிடமே போய் நிற்கிறது.