வீட்டில் செய்யும் மின்சார வைத்தியக் கருவிகள்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாக்பூரிலும் குடியேறி வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இன்று முதியோர் இருக்கின்றனர். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு மக்களோடு இருக்க வந்தவர்கள் அவர்கள். மூன்றாம் மாடிப் படிகள் அவர்கள் முழங்காலுக்கு ஒத்துவருவதில்லை. குளிர்காலத்தில் மூட்டுகள் இறுகிக்கொள்கின்றன. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாலோ, வலியை எடுத்துச் சொல்ல மொழி இல்லை. குத்துகிறதா, குடைகிறதா, கடுக்கிறதா, இழுக்கிறதா என்ற வேறுபாட்டைத் தாய்மொழியில் அன்றி வேறு எம்மொழியில் அவர்கள் கூறுவர்? இந்நிலையில், வீட்டிலேயே ஒரு சிறு கருவியை வைத்து மின்சாரத்தால் வலியைப் போக்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால், ஆசை எழுவது இயல்பே.

அந்த ஆசைக்குத் துணை செய்யவும் வீட்டில் ஆள் உண்டு. பொறியியல் பயிலும் பிள்ளையோ பெண்ணோ, தில்லி லஜபத் ராய் மார்க்கெட்டிலோ, மும்பை லாமிங்டன் சாலையிலோ, பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ சில நூறு ரூபாய்க்கு உறுப்புகளை வாங்கி, பற்றவைத்து, ஒரு மாலைப் பொழுதிலேயே கருவியைச் செய்து முடித்துவிடலாம். பாட்டிக்கு வலி தீரவேண்டும் என்ற அன்பே அதற்குக் காரணம். அன்பினால் செய்யப்படுவது என்பதனாலேயே அதில் உள்ள அபாயத்தை எடுத்துச் சொல்வாரும் குறைவு. கலைப் பட்டம் பெற்று மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், மின்சாரவியல் கற்பிக்கும் நோக்குடன் இன்று பேசவில்லை. குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய சில உண்மைகளைத் தமிழில் எடுத்துச் சொல்வதே நம் நோக்கம்.

மின்சாரத்தால் நோய் தீர்க்கும் முயற்சி புதியது அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர், தலைவலிக்கும் கால்வாதத்திற்கும் மின்சாரத்தைப் பாய்ச்சும் ஒருவகைத் திருக்கை மீனை உடலில் வைக்கச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின், பக்கவாத நோயாளர் பலருக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். 1757-ஆம் ஆண்டில் அதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் இன்றும் படிக்கத்தக்கது. முதற்சில நாட்களில் கை கால்களில் சிறிது பலம் கண்டது. பிறகு முன்னேற்றம் நின்றுவிட்டது. நிலையான பயன் எதுவும் கிட்டவில்லை. தொடக்கத்தில் தோன்றிய பலத்திற்குக் கூட, நோயாளர் நாள்தோறும் நடந்து வந்த பயிற்சியும், குணமாகும் என்ற நம்பிக்கையும் காரணமாக இருந்திருக்கலாம் என்று அவர் நேர்மையோடு எழுதினார். வலியைக் குறைத்தது கருவியா, நம்பிக்கையா என்ற அந்தக் கேள்வியை நாமும் கேட்கவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறை அறிவியல் நெறியில் வளர்ந்தது. 1965-ஆம் ஆண்டில் மெல்ஸாக், வால் என்ற இரு அறிஞர்கள், தண்டுவடத்தில் வலியின் செய்தியை உள்ளே விடவும் தடுக்கவும் வல்ல ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு என்ற கொள்கையை வெளியிட்டனர். வலிக்கும் இடத்தைத் தேய்த்துவிட்டால் சற்று இதமாக இருப்பதன் காரணம் இதனால் விளங்கிற்று. தோலின் வழியே நரம்பைத் தூண்டும் ‘டென்ஸ்’ என்ற சிறு கருவி இக்கொள்கையை ஒட்டிப் பரவியது. இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படுவது அதுவே. அதன் பெட்டியைக் கவனித்துப் படித்தால், வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும் என்றே எழுதியிருக்கும். நோயைத் தீர்க்கும் என்று எழுதியிராது. தமிழில் நாம் இரண்டையும் ‘சிகிச்சை’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம்; குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மூட்டுத் தேய்மானத்திற்கு இக்கருவியால் போதிய பயன் விளைவதாகச் சான்று இல்லை என்று பிரிட்டனின் ‘நைஸ்’ என்ற நெறிமுறை அமைப்பு 2022-இல் கூறியது. அதே அமைப்பு, தக்க உடற்பயிற்சியையே முதன்மையாகப் பரிந்துரைத்தது.

இனி, மின்சாரம் உடலை எவ்வாறு தாக்குகிறது என்று பார்ப்போம். நம் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். உடலுக்குள் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது, எந்த வழியே பாய்கிறது, எவ்வளவு நேரம் பாய்கிறது என்பவற்றைப் பொறுத்தே தீங்கு அமையும். ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று உணர்கிறோம். 10 மில்லி ஆம்பியர் அளவில் கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற் போகிறது. 50 மில்லி ஆம்பியரும் அதற்கு மேலும் ஒரு விநாடியளவு மார்பின் குறுக்கே பாய்ந்தால், இதயம் தாளம் தப்பித் துடித்து நின்றுவிடக்கூடும். நம் கூடத்தில் எரியும் 9 வாட் விளக்கு ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் எரிகிறது. ஒரு சிறு விளக்கை எரிக்கும் மின்சாரம் ஒரு மனிதனை வீழ்த்தப் போதுமானதை நெருங்கிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இயற்கை நமக்கு அளித்துள்ள காவல் நம் தோல். உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் இருக்கலாம். ஈரம் பட்டால் உடலின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். மின்சார வைத்தியத்திலோ, மின்முனைக்கு அடியில் பசையும் உப்புநீரும் இட்டு அக்காவலை நாமே நீக்கிவிடுகிறோம். அந்நிலையில் 230 வோல்ட் எவ்வழியாலேனும் உட்புகுந்தால், 230 மில்லி ஆம்பியர் பாயும். குளிர்காலத்தில் வாளித் தண்ணீரில் வெந்நீர்க் கம்பியை இட்டுவிட்டுக் கை விடலாகாது என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் நாம், ஈரத் துணியில் சுற்றிய கம்பியைப் பெற்றோர் முழங்காலில் கட்டலாமா?

‘நாங்கள் வீட்டு மின்சாரத்தைத் தொடுவதில்லை, பாட்டரியைத்தான் பயன்படுத்துகிறோம்’ என்று இளைஞர் கூறலாம். பாட்டரி மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிலும் மூன்று இடர்கள் உண்டு. முதலாவது, பல கருவிகளில் பாட்டரியை மின்னேற்றும் சார்ஜர் இணைந்தே இருக்கிறது. மலிவான சார்ஜரில், வீட்டு மின்சாரத்திற்கும் வெளிவரும் கம்பிக்கும் இடையே உள்ள காப்பு மிக மெல்லியது. கொசு மட்டை, சில கைவிளக்குகள் போன்றவற்றின் மின்னேற்றும் பகுதியில் அக்காப்பு அறவே இராது. அவற்றின் உறுப்புகளைப் பிரித்தெடுத்து வைத்தியக் கருவி செய்வது பெருந்தவறு. இரண்டாவது, ஒரே திசையில் பாயும் மின்சாரம் சிறிதளவே ஆயினும், மின்முனைக்கு அடியில் ஒருபுறம் காரத்தையும் மறுபுறம் அமிலத்தையும் உண்டாக்கித் தோலை அரித்துப் புண்ணாக்கும். இச்சூடு நெருப்புச் சூடு அன்று. ஆதலின் முதலில் வலிப்பதில்லை. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன முதியவர் அதை உணர்வதே இல்லை. அவர் காலில் உண்டாகும் சிறு புண் எளிதில் ஆறாது என்பதை நாம் அறிவோம்.

மூன்றாவது இடரே தலையாயது. கடையில் விற்கும் டென்ஸ் கருவியும் 60, 80 மில்லி ஆம்பியர் வரை செலுத்தவல்லது. அது ஏன் ஆளைக் கொல்வதில்லை? ஒவ்வொரு துடிப்பும் விநாடியின் பதினாயிரத்தில் இரண்டு பங்கு நேரமே நீடிக்கிறது. இப்போது வீட்டில் செய்த கருவியில் ஒரு டிரான்ஸிஸ்டர் பழுதாகி மின்சாரத்தைக் கடத்தும் நிலையிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணப்பொழுதில் நிற்கவேண்டியது நில்லாமற் பாயும். நல்ல நிலையில் இயங்கும்போது இரு கருவிகளும் ஒன்றுபோலவே தோன்றும். பழுதாகும்போதுதான் வேறுபாடு தெரியும். ஓர் உறுப்பு கெட்டாலும் நோயாளிக்குத் தீங்கு வரலாகாது என்பதே மருத்துவக் கருவிகளுக்குரிய முதல் விதி. நம் நாட்டில் ஐ.எஸ். 13450 என்ற தரவிதி இதனை வகுக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் ஆட்சிக்குள் கொண்டுவரப்பட்டன. ஒரு மாலைப் பொழுதில் பற்றவைத்த கருவி நேற்று நன்றாக இயங்கியது என்பது, நாளை பழுதாகும்போது அது என்ன செய்யும் என்பதற்கு உறுதிமொழி ஆகாது.

மார்புக்கும் தலைக்கும் இக்கருவிகளை ஒருபோதும் கொண்டுசெல்லலாகாது. கழுத்தின் முன்புறத்தில் மின்முனை வைத்தால் குரல்வளை இறுகலாம். இரத்த அழுத்தம் திடீரெனத் தாழலாம். மூளைக்கு 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் செலுத்தி நினைவாற்றலைப் பெருக்கலாம் என்று நம்பித் தேர்வு எழுதும் மாணவர் சிலர் கருவி செய்கின்றனர். ஜெர்மனியில் நிட்ஷே, பவுலுஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலிருந்து இம்முறை பரவியது. அதே துறையின் ஆராய்ச்சியாளர் பலர் 2016-இல் ஒரு திறந்த கடிதம் எழுதி எச்சரித்தனர். மின்முனைக்கு அடியில் உள்ள பகுதி மட்டுமன்றி மூளையின் பிற பகுதிகளும் பாதிக்கப்படும். ஓர் ஆற்றல் கூடினால் மற்றோர் ஆற்றல் குறையலாம். மாறுதல் நெடுநாள் நிற்கலாம் என்பன அவர்கள் கூறியவை. மனநோய்க்கு மருத்துவமனையில் அளிக்கும் மின் சிகிச்சையைக் கூட, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இன்றி அளிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. வல்லுநர்க்கே இத்துணைக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ள இடத்தில், வீட்டு மேசையில் செய்த கருவிக்கு என்ன வேலை?

இத்தகைய முயற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்காவில் ஹுல்டா கிளார்க் என்ற அம்மையார், எல்லா நோய்களுக்கும் ஒட்டுண்ணிகளே காரணம் என்றும், ‘ஸாப்பர்’ என்னும் கருவி அவற்றைக் கொன்றுவிடும் என்றும் 1990-களில் நூல்கள் எழுதினார். 9 வோல்ட் பாட்டரி, ஒரு சிறு மின்சுற்று, கையில் பிடிக்க இரண்டு செப்புக் குழாய்கள் இவ்வளவே அக்கருவி. செய்முறையும் நூலிலேயே இருந்தது. உலகெங்கும் பலர் செய்துகொண்டனர். அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் கிடைத்ததில்லை. இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பேஸ்மேக்கர் பொருத்திய ஒருவர் ஸாப்பரைப் பயன்படுத்தியதால் பேஸ்மேக்கரின் வேலைக்கே இடையூறு நேர்ந்ததை 2004-இல் மருத்துவ இதழொன்றில் மருத்துவர்கள் அறிவித்தனர். புற்றுநோய்க்கும் தம் முறையே மருந்து என்று கூறிய அந்த அம்மையார், 2009-இல் ஒருவகை இரத்தப் புற்றுநோயால் காலமானார். அவரை இகழ்வது நம் கருத்தன்று. கருவியின் மின்சாரம் தீங்கு செய்யாவிடினும், அதை நம்பிக் கழித்த மாதங்கள் தீங்கு செய்யும் என்பதே நாம் அறியவேண்டியது. முழங்கால் வலிக்குக் காத்திருக்கலாம். கட்டிக்குக் காத்திருக்க முடியாது.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது என்ன? மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ சொல்லியபின், உரிமம் பெற்ற கருவியையே வாங்குவோம். பேஸ்மேக்கர் உடையவர், வலிப்பு நோய் உள்ளவர், கருவுற்ற பெண்டிர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. புண்பட்ட தோலிலும் மரத்த தோலிலும் மின்முனையை ஒட்டலாகாது. குளிக்கும்போதும், உறங்கும்போதும், கருவிக்கு மின்னேற்றும்போதும் அணியலாகாது. வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் உண்டா என்று பார்ப்போம். வாடகை வீடாயினும் உரிமையாளரிடம் கேட்டுப் பொருத்தச் செய்வோம். ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால், அவரைத் தொடாமல் முதலில் மெயின் ஸ்விட்சை நிறுத்தவேண்டும். பிறகு 112 எண்ணை அழைக்கவேண்டும். மூச்சு இல்லையாயின், மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தி உதவி வரும்வரை நிறுத்தாதிருக்கவேண்டும்.

கருவி செய்வதில் விருப்பமுள்ள இளைஞரைத் தடுப்பது நம் நோக்கமன்று. வானொலிப் பெட்டி செய்யட்டும். படிக்கட்டில் ஆள் வந்தால் தானே எரியும் விளக்குச் செய்யட்டும். மூன்றாம் மாடி ஏறும் பாட்டிக்கு அதைவிட நல்ல உதவி ஏது? மனித உடலை மட்டும் மின்சுற்றின் ஓர் உறுப்பாக ஆக்காதிருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. கருவியோடு வரும் கையேட்டில், பயன்படுத்தத் தகாத நிலைகள் என்று ஒரு பக்கம் இருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்பட்டிருக்கும். கருவியை அணியும் தாயோ தந்தையோ அதைப் படிக்க இயலாது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் அறிந்தவரை, ஒரு குடும்பத்திற்கு அதைவிடப் பயனுள்ள மொழிபெயர்ப்பு வேறில்லை. அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டியின் மூடிமேல் ஒட்டிவைப்போம். மருத்துவரிடம் செல்லும்போதும் உடன் சென்று, குத்தலையும் குடைச்சலையும் அவருக்கு விளங்கச் சொல்வோம்.