வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



எல்லாரும் கடன் வாங்கி முன்னேறின கதையைச் சொன்னீங்க. நான் கடன் வாங்கி வாங்கின ஒரு பைக் கதையைச் சொல்றேன். சிரிக்காதீங்க, இது நம்ம எல்லாருக்கும் ஆவுற கதை.

எங்க வீட்டுக்காரர் காலையில ஊர்ல பால் வாங்கி, செஞ்சியில மூணு டீக்கடைக்கு ஊத்துறார். அதுக்காகக் குழுவில் கடன் எடுத்துப் புது பைக் வாங்கினோம். ஒரு வருஷம் நல்லா ஓடுச்சு. அப்புறம் இஞ்சின்ல கடகடன்னு சத்தம். வாங்கின ஷோரூமுக்கே கொண்டு போனோம். "வாரண்டி இருக்கு, காசு வேணாம், மேல் ஹெட்டைப் பிரிச்சுப் பார்க்கணும்"னு சொன்னாங்க. எட்டு நாள் வெச்சிருந்து கொடுத்தாங்க. காசு வாங்கலியேன்னு சந்தோஷமா, காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டார்.

சத்தம் போச்சு. ஆனா வேற கோளாறு வந்துச்சு. காலையில ஸ்டார்ட் ஆவும். இஞ்சின் சூடானதும் கூட்டு ரோட்டுல நின்னா அணைஞ்சிடும். மறுபடி உதைச்சா பிடிக்காது. பால் கேனோட மேடு ஏறினா இழுவை இல்ல. பெட்ரோல் மட்டும் நல்லா குடிச்சுது. "முரட்டுக் குதிரையை அடக்கின ராஜா தேசிங்கு ஆண்ட ஊருடி இது, என்னால ஒரு பைக்கை அடக்க முடியல"ன்னு அவர் விளையாட்டா சொன்னார். ஆனா முகத்துல சிரிப்பு இல்ல.

திரும்ப ஷோரூமுக்குப் போனா, "பெட்ரோல் சரியில்ல"ன்னாங்க. இன்னொரு தடவை போனா, "புது பார்ட்ஸ், ஓட ஓட செட் ஆயிடும்"னாங்க. மூணாவது தடவை கழுவித் துடைச்சுக் கொடுத்தாங்க. பால் நேரத்துக்குப் போகாததால ஒரு டீக்கடைக்காரர் வேற ஆளை வெச்சுக்கிட்டார். அந்த மாசம் குழுத் தவணையை என்னால கட்ட முடியல. என் குழு அக்காங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினாங்க. அன்னிக்குக் கூட்டத்துல நான் தலையைத் தூக்கல.

எங்க ஊர் மெக்கானிக் தம்பி, ஓடுற சத்தத்தைக் கேட்டே சொன்னார்: "அக்கா, டேப்பட் இடைவெளி கம்மியா வெச்சிருப்பாங்க போல. சூடானா இரும்பு விரியும். இடைவெளி இல்லேன்னா வால்வு முழுசா மூடாது, அழுத்தம் கசியும். அதான் அணையுது. ஆனா நான் கை வெச்சா, 'வெளியாள் பிரிச்சான், வாரண்டி கிடையாது'ன்னு சொல்லிடுவாங்க. அங்கேயே காட்டுங்க."

வேலையை விட்டுக் கொடுத்து, நம்ம நல்லதைச் சொன்ன அந்தத் தம்பி நல்லா இருக்கணும்.

அன்னிக்கு ராத்திரி குழுவோட தீர்மான நோட்டை எழுதிக்கிட்டு இருந்தேன். அப்பதான் உறைச்சுது. நம்ம குழுவில் பத்து ரூபாய்கூட கையெழுத்து இல்லாம கை மாறாது. யார் வந்தாங்க, என்ன பேசினோம், எல்லாம் நோட்டுல இருக்கு. ஆனா இவ்வளவு பெரிய பொருளுக்கு மூணு தடவை அலைஞ்சும், அலைஞ்சதுக்கு ஒரு துண்டுச் சீட்டு என்கிட்ட இல்ல!

மறுநாள் ஒரு நோட்டு போட்டேன். தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், எங்கே எத்தனை மணிக்கு அணைஞ்சுது. 10 நாள்ல 304 கிலோமீட்டர், 8 லிட்டர் பெட்ரோல். அதாவது லிட்டருக்கு 38. முன்னே 50 கொடுத்த வண்டி. 17 தடவை அணைஞ்சிருக்கு.

அந்த நோட்டோட நானே ஷோரூமுக்குப் போனேன். ஜாப் கார்டுல "ஜெனரல் செக்கப்"னு எழுதப் போனாங்க. "இல்ல சார், ஹெட் பிரிச்ச வேலைக்கு அப்புறம் சூடானதும் அணையுது, இழுவை இல்லன்னு எழுதுங்க, எனக்கு ஒரு காப்பி கொடுங்க"ன்னு கேட்டேன். குரல் நடுங்குச்சு, ஆனாலும் கேட்டேன். "வண்டி சூடா இருக்கு, நீங்களே ஓட்டிப் பாருங்க"ன்னும் சொன்னேன். ஓட்டிப் போனவர் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தார்! கம்பெனிக்கும் நோட்டு நகல், ஜாப் கார்டு நகல் வெச்சு ஸ்பீடு போஸ்ட்ல கடிதம் போட்டேன்.

இரண்டு வாரத்துல கூப்பிட்டு மறுபடி பிரிச்சாங்க. டேப்பட் இடைவெளி தப்புதான். ஏர் ஃபில்டர்ல இருந்து வர்ற குழாயோட கிளிப்பும் இறுக்காம விட்டிருக்காங்க. சரி பண்ணதும் வண்டி 49 கொடுக்குது.

ஆனா போன டீக்கடை திரும்ப வரல. அந்த நஷ்டத்தைக் கேட்கலாம்னு அப்போ எனக்குத் தெரியாது. பிறகு தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்குச் சொல்றேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அடுத்த வருஷம் ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கு. காசு கொடுத்து வாங்கின பொருளுக்கு வாரண்டியில் சரியா வேலை செய்யலேன்னா அது சேவைக் குறைபாடு. முதல்ல 1915 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம், தமிழிலேயே பேசலாம். அதுலயும் தீரலேன்னா விழுப்புரத்துல மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கு. நாம வசிக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. வக்கீல் இல்லாம நாமே வாதாடலாம். பிரச்சனை வந்த 2 வருஷத்துக்குள்ள போகணும். நஷ்டஈடும் கேட்கலாம். ஆனா அங்கேயும் முதல்ல கேட்கிறது காகிதம்தான்: பில், வாரண்டி புத்தகம், ஜாப் கார்டு, கடிதம் அனுப்பின ரசீது.

பைக்குக்கு மட்டும் இல்ல. தையல் மெஷின், கிரைண்டர், மோட்டார், நம்ம கடன்ல வாங்குற எதுவா இருந்தாலும் மூணு விஷயம். கோளாறை நம்ம வார்த்தையில் எழுதச் சொல்லுங்க. காப்பி வாங்காம வெளியே வராதீங்க. எடுக்கும்போது ஓட்டிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

படிப்பு பத்தாவதுதானேன்னு நான் பயந்தேன். ஆனா நோட்டு எழுதுற பழக்கத்தை இந்தக் குழுதான் எனக்குக் கொடுத்துச்சு. எனக்காகத் தவணை கட்டின என் குழு அக்காங்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அவங்க செஞ்ச உதவியை இந்த மேடையில சொல்லணும்னுதான் பேச வந்தேன்.