பங்கும் சீரும்



கடலூர் சிப்காட் ஆலைகளை ஒட்டிய ஊர் இந்தச் செம்மங்குப்பம். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் எனச் சுற்றுப்பட்டில் நிலத்தடி நீர் கெட்ட கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டது ஊர்த் தண்ணீர். குடத்தை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீர் தேடிப் போனது யார்? அதை எந்த வீட்டிலும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அது பெண்ணின் வேலை என்று முன்பே தீர்மானமாகியிருந்தது. குடும்பத்தின் விதிகளை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் யாரும் மீறுவதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரக் கணக்கின்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

இந்த உழைப்புக்குச் சொத்தில் இடம் உண்டா? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி உண்டு என்றார். அந்த வழக்கில் கணவர் சவுதியில் சம்பாதித்தார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தினார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவர் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சரிபாதி என்பது தீர்ப்பின் சாரம். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை! அவற்றின் பத்திரங்களில் யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

மனைவியின் நிலையை விடவும் என் மனத்தை அறுப்பது மகளின் நிலை. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989 மார்ச் 25 முதல், தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை வந்தது. அந்தத் தேதிக்கு முன் மணமானவளுக்கு அது இல்லை. ஒரு வயிற்றில் பிறந்த அக்காளுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு. அந்தக் கோணல் நிமிர 2005இல் மத்திய அரசின் திருத்தம் வர வேண்டியிருந்தது.

சட்டம் வந்தது. பங்கு வந்ததா? சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். அண்ணன் தம்பிமார் ஒரு பக்கம், அக்கா தங்கைகள் ஒரு பக்கம், நடுவில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். படித்துக் காட்டுவார்கள், அவளும் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவாள். அவளுக்கு அறிவில்லை என்று சொல்லாதீர்கள். கணக்குப் போட்டுத்தான் போடுகிறாள். பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் மூடும். பொங்கல் சீர் நிற்கும். பிள்ளையின் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வரமாட்டான். புருஷன் வீட்டில் ஒரு சண்டை என்றால் போய் நிற்க இடம் இருக்காது. இத்தனையையும் ஒரு தட்டில் வைத்து, நிலத்தை இன்னொரு தட்டில் வைத்து, உறவைத் தேர்ந்தெடுக்கிறாள். அப்படி ஒரு தேர்வை அவள்முன் வைத்ததுதான் அநியாயம். அண்ணனுக்கு நிலமும் கிடைக்கிறது, தங்கையும் கிடைக்கிறாள். அவள் மட்டும் ஏன் இரண்டில் ஒன்றை விட வேண்டும்?

நாலுவழிச் சாலை வந்த பிறகு இந்தப் பக்கத்து மண்ணின் விலை நீங்கள் அறிந்தது. சீர் வரிசை எதுவும் அந்த விலைக்கு ஈடாகாது.

இந்த ஊர் அண்ணன் தம்பிமாரிடம் நான் கேட்பது இதுதான். பத்திரம் எழுதுமுன் நிலத்தின் இன்றைய மதிப்பைத் தங்கையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். யோசிக்க அவளுக்கு அவகாசம் கொடுங்கள். அவள் பங்கு வேண்டும் என்றால் அளந்து கொடுங்கள். கொடுத்த பிறகு வரும் பொங்கலுக்கும் சீர் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள்.