காஸ் பட்டனும் சைன் பட்டனும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் "ஏதாவது பயனுள்ளதாப் பேசுப்பா, பத்து நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டார். அதனால் கால்குலேட்டரில் இருக்கும் இரண்டு பட்டன்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

இந்தக் கல்லூரியின் கடைசி பெஞ்சில் நான் கண்டுபிடித்த ஒரு விளையாட்டு உண்டு. கால்குலேட்டரை ரேடியனில் வைத்து, 1 போட்டு, காஸ் அழுத்த வேண்டும். வரும் விடைக்கு மறுபடியும் காஸ். மறுபடியும் காஸ். 0.5403, 0.8576, 0.6543, 0.7935 என்று மேலும் கீழுமாக ஊஞ்சல் ஆடும். சுமார் 35 தடவை அழுத்தினால் 0.739085 என்று நின்றுவிடும். எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் இதே இடம்தான். (டிகிரியில் வைத்துவிட்டு "சார் பொய் சொல்றார்" என்று வராதீர்கள். அதில் 0.999848 வரும்.) இந்த எண்ணுக்கு டாட்டி எண் என்று பெயர். டாட்டி ஒரு பிரெஞ்சு மொழிப் பேராசிரியை. என்னைப் போலவே சும்மா பட்டனை அழுத்திக்கொண்டிருந்து இதைக் கவனித்தவர். 2007-இல் சாமுவேல் கப்லான் ஒரு கணித இதழில் அவர் பெயரை வைத்து எழுதினார்.

இதிலிருந்து நான் ஒரு தப்புப் பாடம் கற்றுக்கொண்டேன்: எண் மாறாமல் நின்றுவிட்டால் விடை வந்துவிட்டது.

வேலைக்குப் போன புதிதில் ஒரு குடிநீர்க் குழாய் வலைக்குக் கணக்குப் போடும் புரோகிராம் எழுதினேன். விடை ஊஞ்சலாடிக்கொண்டே இருந்தது. அதை அடக்க, ஒவ்வொரு சுற்றிலும் வரும் திருத்தத்தில் நூற்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அழுத்தம் 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக மாறினால் நின்றுவிடு என்று ஒரு வரியும் போட்டேன். சமர்த்தாக நின்றது. கடைசி முனையில் 12 மீட்டர் அழுத்தம். இரண்டு தளக் கட்டடத்துக்கு 1999-ஆம் ஆண்டு மத்திய அரசுக் கையேடு கேட்பதும் அதே 12 மீட்டர். எனக்கு ஒரே சந்தோஷம்.

மூத்த பொறியாளர் ஒருவர் தாளைப் பார்த்தார். "தம்பி, கடைசி வித்தியாசத்தை அதுக்கு முந்தின வித்தியாசத்தால வகுத்துப் பாத்தியா?" என்றார். வகுத்தேன். 0.98 வந்தது. அவர் ஒன்றும் விளக்கவில்லை. "கால்குலேட்டர்ல 1 போட்டு சைன் அழுத்திக்கிட்டே இரு. எங்க போய் நிக்குதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அழுத்தினேன். கை வலிதான் மிச்சம். சைனுக்குப் போய்ச் சேரும் இடம் பூஜ்யம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 100 தடவைக்குப் பிறகும் 0.17 அருகில்தான் இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் ஓட்டினேன். 10,000 சுற்றில் 0.0173. மூன்றைச் சுற்று எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட இதே எண் வரும். டி ப்ரூய்ன் 1958-இல் எழுதிய புத்தகத்தில் இதன் கணக்கு விரிவாக இருக்கிறது. 0.001-க்கு வர வேண்டுமென்றால் சுமார் 30 லட்சம் சுற்று!

காரணம் சாய்வில் இருக்கிறது. காஸ் நிற்கும் இடத்தில் வளைகோட்டின் சாய்வு, குறியை விட்டுவிட்டால், 0.6736. ஒவ்வொரு அழுத்தலிலும் பிழை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குகிறது. சைனுக்குப் பூஜ்யத்தில் சாய்வு சரியாக 1. அதாவது போகப் போகச் சுருக்கமே இல்லாத மாதிரி. x-க்கும் சைன் x-க்கும் உள்ள வித்தியாசம் x-இன் முப்படியில் ஆறில் ஒரு பங்குதான். வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே வந்தால் நில் என்று சொன்னால், புரோகிராம் சுமார் 9,000 சுற்றில் 0.018 என்று சொல்லி நின்றுவிடும். அது தன் வித்தியாசத்தைப் போல் 18,000 மடங்கு தள்ளி நிற்கிறது. ஆனால் நமக்கோ ஆறு இலக்கம் சரியாக வந்துவிட்டதாக நினைப்பு.

என் கணக்கு அவ்வளவு மோசமில்லை. விகிதம் r என்றால், மிச்சமிருக்கும் தூரம் கடைசி வித்தியாசத்தைப் போல் r-ஐ (1-r)-ஆல் வகுத்த மடங்கு. 0.98-ஐ 0.02-ஆல் வகுத்தால் 49. பத்து சென்டிமீட்டர் என்பது ஐந்து மீட்டர் ஆகிவிட்டது. முழுசாக ஓட்டிப் பார்த்தபோது கடைசி முனையில் வந்தது 7 மீட்டர். அது ஒரே தளத்துக்குத்தான் போதும். அந்தத் தாளை நம்பிப் பம்ப் வாங்கியிருந்தால் தெருக்கோடி மாடி வீட்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்திருக்கும். நல்லவேளை, ஆர்டர் போகவில்லை. சார் டீ குடித்துவிட்டு வந்ததும் "எங்க நிக்குது?" என்றார். "இன்னும் போய்க்கிட்டே இருக்கு சார்" என்றேன். சிரித்தார்.

இப்போதெல்லாம் ரெடிமேட் மென்பொருள்தான். 'கணக்கு முடிந்தது' என்று பச்சை எழுத்தில் காட்டும். அது எதைப் பார்த்து முடிந்தது என்கிறது என்பதை மட்டும் மெனுவில் தேடிப் பிடித்துப் படித்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தம்பி தங்கைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: சைன், காஸ், சைன், காஸ் என்று மாற்றி மாற்றி அழுத்துங்கள். 0.694820, 0.768169 என்று இரண்டு எண்களுக்கு நடுவே மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. இதில் பிழை எந்த விகிதத்தில் சுருங்குகிறது என்று கண்டுபிடித்தவர்கள் சாப்பாட்டு வரிசையில் என்னிடம் வந்து சொல்லலாம்.