வெறுங்காலும் வெப்பமானியும்

சித்திரை மத்தியானத்தில், காயப்போட்ட வடகத்தை எடுக்க மொட்டைமாடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெறுங்காலை ஊன்றவே முடியாது. செய்தியில் 40 டிகிரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது காற்றின் வெப்பம். ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளையடித்த பெட்டியின் நிழலில் அளப்பது. அதே நேரத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும்! ஈர வயலில் அப்படி இல்லை. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது.

காற்றின் வெப்பத்தில் நகரமும் கிராமமும் நன்றாகப் பிரிவது ராத்திரியில்தான். மேகங்களுக்குப் பெயர் சூட்டிய லூக் ஹோவர்ட், லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் பல வருடம் அளந்து பார்த்து, 1818இல் புத்தகமாக வெளியிட்டார். பகலில் வித்தியாசம் மிகக் குறைவு. இரவில் நகரம் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடு.

அந்த ராத்திரிச் சூட்டை நினைத்தால்தான் எனக்குக் கவலை. வயதானவர்களின் உடம்பு ஆறுவதற்கு இருப்பதே அந்தச் சில மணி நேரம். இன்றிரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மத்தியான வெயில் இன்னும் அதில் இருக்கும்.