தம்பி, உன் பெட்டி எங்களைக் கேக்குதா? – டிஜே கன்ட்ரோலரை ஏபிள்டன் லைவோட இணைச்ச கதை

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியத்தான் கேட்டிருந்தீங்க. "ஒரு சின்ன டிஜே கன்ட்ரோலர் இருக்கு, ஏபிள்டன் லைவ் இருக்கு, ரெண்டையும் சேர்த்தா வேலை செய்யுமா?" செய்யும். ஆனா கனெக்ட் பண்ண உடனே செய்யாது. நான் ஏன் இதைச் செய்ய வேண்டி வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், அப்பதான் மத்ததெல்லாம் புரியும்.

காலேஜ் நண்பன் ஒருத்தனுக்குக் கல்யாணம். ரிசப்ஷன்ல அவன் ஊர் பறைக் குழு வாசிக்கணும், அவங்களோட சேர்ந்து நான் லேப்டாப்ல பேஸ், சிந்த், லூப் எல்லாம் போடணும்னு அவன் ஆசை. ஆறு பேர் பறை, நான் ஒருத்தன் லேப்டாப். எனக்கு வேலை ஐடி கம்பெனியில, இசை எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேலதான். சரின்னு ஒத்துக்கிட்டேன்.

முதல் ரிகர்சல் ஒரு மொட்டை மாடியில. அண்ணனுங்க வைக்கோல் கொளுத்தி, தோலைக் காய வச்சு, தட்டிப் பார்த்துட்டு ஆரம்பிச்சாங்க. நான் 104 பிபிஎம்ல லூப்பை ஓட விட்டேன். முதல் ஒரு நிமிஷம் அருமை. அப்புறம் அவங்களுக்குச் சூடு ஏறுது, வேகமும் ஏறுது. அது தப்பே இல்ல, அந்த வாசிப்போட உயிரே அதுதான். ஆனா என் லேப்டாப் 104லயே நிக்குது. ரெண்டு நிமிஷத்துல ரெண்டும் வேற வேற பாட்டு மாதிரி ஆயிடுச்சு. வாசிச்சு முடிச்சிட்டு மூத்த அண்ணன் குச்சியைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்து, "தம்பி, நாங்க உன் பெட்டியைக் கேக்குறோம். உன் பெட்டி எங்களைக் கேக்குதா?"ன்னார். என்கிட்ட பதில் இல்ல.

டச்பேட்ல டெம்போவை இழுத்துப் பார்த்தேன், கேவலமா இருந்துச்சு. அப்பதான் அலமாரியில தூசி பிடிச்சுக் கிடந்த கன்ட்ரோலர் ஞாபகம் வந்துச்சு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ரெண்டு சேனல் பெட்டி. அதுல பக்கத்துக்கு ஒண்ணா நீளமான டெம்போ ஃபேடர் இருக்கே!

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். டிஜே கன்ட்ரோலர்ல இருந்து பாட்டு பிறக்கிறதில்ல. உள்ளே ஒரு சவுண்ட் கார்டு இருக்கலாம், அது தனிக் கதை. மத்தபடி ஒவ்வொரு பட்டனும் ஃபேடரும் லேப்டாப்புக்கு எண்களைத்தான் அனுப்புது. அந்த மொழிதான் மிடி. 1983ல வந்தது. ரோலண்டோட இகுடாரோ ககெஹாஷி, சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸோட டேவ் ஸ்மித், இவங்க முன்னெடுப்புல போட்டிக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒத்துக்கிட்ட ஸ்டாண்டர்டு. நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஓடுது. நாம எழுதற ஏபிஐ எல்லாம் ரெண்டு வருஷம் தாங்கறதில்ல, இதை நினைச்சா பொறாமையா இருக்கு.

அதனால, டெம்போ ஃபேடர்ல "டெம்போ"ன்னு அச்சடிச்சிருக்கிறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. அது ஒரு எண். அந்த எண்ணை எதுக்குப் பயன்படுத்தறதுன்னு முடிவு பண்றது லேப்டாப்ல இருக்கிற மென்பொருள். டிஜே மென்பொருள்கள் இந்த முடிவை முன்கூட்டியே எழுதி வச்சிருக்கும், அதான் அங்க கேபிள் சொருகின உடனே ஓடுது. லைவ்ல பெரும்பாலான டிஜே பெட்டிகளுக்கு அது இல்ல. நாமதான் சொல்லித் தரணும்.

செட்டப்புக்கு வரேன். முதல்ல பின்னணியில டிஜே மென்பொருள் எதுவும் ஓடலையான்னு பாருங்க. விண்டோஸ்ல பல நேரம் ஒரு மிடி போர்ட்டை ஒரு புரோகிராம்தான் பிடிச்சுக்க முடியும். நான் அரை நாள் கேபிளை மாத்தி மாத்திச் சொருகிட்டு இருந்தேன், கடைசில பார்த்தா டாஸ்க்பார்ல ஒண்ணு சும்மா உட்கார்ந்திருக்கு. அப்புறம் லைவோட செட்டிங்ஸ்ல மிடி பக்கம் போனா உங்க கன்ட்ரோலர் பேரு இன்புட்லயும் அவுட்புட்லயும் தெரியும். ரெண்டுலயும் "ரிமோட்" ஆன் பண்ணுங்க. இன்புட்ல ஆன் பண்ணாத்தான் ஃபேடர் வேலை செய்யும். அவுட்புட்ல ஆன் பண்ணாத்தான் லைவ் திருப்பி எண் அனுப்பி பட்டன் லைட்டை எரிய வைக்க முடியும்.

அடுத்தது மிடி மேப் மோட். விண்டோஸ்ல கன்ட்ரோல் எம், மேக்ல கமாண்ட் எம். திரையில எதை இயக்கணுமோ அதைக் கிளிக் பண்ணி, பெட்டியில எந்த ஃபேடரோ அதை நகர்த்தினா முடிஞ்சுது. கேட்க எவ்வளவு சுலபமா இருக்கு!

நான் வால்யூம் ஃபேடரை மேப் பண்ணினதும் அதுக்குப் பேய் பிடிச்சுடுச்சு. மெதுவா மேல தள்ளறேன், திரையில வால்யூம் உச்சிக்கும் அடிக்கும் மாறி மாறிக் குதிக்குது. பெட்டி பழசு, ஃபேடர் போச்சுன்னு நினைச்சேன். இல்ல. சாதாரண மிடி எண் 0ல இருந்து 127 வரைக்கும்தான். 128 படி பத்தாதுன்னு பல டிஜே பெட்டிகள் ஒரே ஃபேடருக்கு ரெண்டு எண் அனுப்பும். ஒண்ணு பெரிய படி, இன்னொண்ணு அதுக்குள்ள சின்னப் படி. சேர்த்தா 16,384 படி. கடிகாரத்துல மணி முள், நிமிஷ முள் மாதிரி. என் செட்டப்ல நிமிஷ முள்ளை மட்டும் பிடிச்சு வச்சிருந்துச்சு. அது ஒவ்வொரு மணிக்கும் ஒரு முழுச் சுத்து சுத்தத்தானே செய்யும்?

சரி பண்றது எளிது. மேப் பண்ணும்போது ஃபேடரையோ குமிழையோ குறையற பக்கமா மெதுவா நகர்த்துங்க. அப்பதான் அது என்ன வகைன்னு லைவ் சரியா கண்டுபிடிக்கும். திரைக்கு அடியில இருக்கிற ஸ்டேட்டஸ் பார்ல மோடு காட்டும். அங்க 14 பிட் ஆப்சொல்யூட்னு மாத்தினதும் பேய் ஓடிப்போச்சு. ஜாக் வீலுக்கு அதே இடத்துல ரிலேட்டிவ் வகைகள் இருக்கும், ஏன்னா வட்டத்துக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. ஆனா லைவ்ல ஸ்க்ராட்ச் பண்ணலாம்னு ஆசைப்படாதீங்க. அதுக்கு டிஜே மென்பொருள்தான் சரி. நான் ஜாக் வீலை ஒரு ஃபில்டருக்குக் குடுத்துட்டேன்.

இப்ப டெம்போ. மேப் பண்ணினதும் மேப்பிங் பட்டியல்ல குறைஞ்சபட்சம், அதிகபட்சம்னு ரெண்டு கட்டம் வரும். அதை அப்படியே விட்டா ரொம்ப அகலம், விரல் பட்டாலே பாட்டு ஓடும். நான் 100, 116னு போட்டேன். ஃபேடரோட முழு நீளத்துக்கும் 16 பிபிஎம்தான். திசை தலைகீழா இருந்தா ரெண்டு எண்ணையும் மாத்திப் போட்டாப் போதும். டெம்போ பக்கத்துல நட்ஜ்னு ரெண்டு சின்ன பட்டன் இருக்கும். அமுக்கிப் பிடிக்கிற வரைக்கும் கொஞ்சம் வேகமாவோ மெதுவாவோ ஓடி, விட்டா பழைய வேகத்துக்கு வந்துடும். அதை ரெண்டு பேடுக்குக் குடுத்தேன். எனக்கு உயிர் குடுத்தது இந்த ரெண்டு பேடுதான். வேகம் சரியா இருக்கு, ஆனா அடி அரை விரல்கடை தள்ளி விழுது, அப்ப ஒரு அமுக்கு. லூப் எல்லாம் வார்ப் ஆன்ல இருக்கணும், இல்லன்னா டெம்போ மாறினாலும் ஆடியோ அது பாட்டுக்குப் போகும்.

"லைவ் 11ல டெம்போ ஃபாலோவர் இருக்கே, மைக் வச்சா அதுவே கேட்டுக்குமே"ன்னு சில பேர் சொல்வீங்க. யோசிச்சேன். ஆனா மண்டபத்துல அந்த மைக்ல பறையும் விழும், ஸ்பீக்கர்ல வர்ற என் லூப்பும் விழும். பெட்டி தன்னைத்தானே கேட்டுட்டுத் தலையாட்டும். கேக்கறது நானா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இன்னும் ரெண்டே விஷயம். டேக்ஓவர் மோடை "பிக்கப்"ல வைங்க. அப்ப நிஜ ஃபேடர் திரையில இருக்கிற இடத்தைத் தொடற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. வைக்கலன்னா தொட்ட உடனே வால்யூம் குதிக்கும், மண்டபத்துல பெரியவங்க நெஞ்சைப் பிடிச்சுக்குவாங்க. ரெண்டாவது பஃபர். 44,100 சாம்பிள் ரேட்ல 1024 வச்சா அதுக்கே 23 மில்லிசெகண்ட் தாமதம். 256 வச்சா 6க்குள்ள. கூட வாசிக்கிறவங்க இருந்தா இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ரெண்டாவது ரிகர்சல்ல நான் திரையைப் பார்க்கவே இல்ல. இடது கை ஃபேடர்ல, வலது கை பேடுல, கண்ணு அண்ணனோட அடிக்குச்சியில. 104ல ஆரம்பிச்சு 112 வரைக்கும் ஒண்ணாவே போனோம். அண்ணன் ஒண்ணும் சொல்லல, டீ வாங்கிட்டு வரச் சொல்லும்போது எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

ரிசப்ஷன் அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, மாப்பிள்ளையே மேடையை விட்டு இறங்கி ஆட ஆரம்பிச்சுட்டான். குழு 112ஐத் தாண்டுச்சு, 114, 115, என் ஃபேடர் போய் முனையில இடிச்சு நின்னுடுச்சு. 116க்கு மேல நானே போட்ட பூட்டு. அவங்க இன்னும் ஏறிட்டே இருக்காங்க. நட்ஜை அமுக்கிப் பிடிச்சேன், நாலு பார் தாங்குச்சு. அப்புறம் மாஸ்டர் வால்யூமை மெதுவா இறக்கிட்டு கையை எடுத்துட்டேன். அடுத்த அஞ்சு நிமிஷம் வெறும் ஆறு பறைதான், மண்டபம் அதிருது. நான் மைக் ஸ்டாண்டைப் பிடிச்சுட்டு நின்னு பார்த்துட்டு இருந்தேன். அன்னைக்கு நல்லா இருந்த இடம் அதுதான்.

மேப்பிங் எல்லாம் அந்த லைவ் செட்டுக்குள்ளதான் சேவ் ஆகும், அதனால டெம்ப்ளேட்டா வச்சுக்கோங்க. என்னோடதுல இப்ப அதிகபட்சம் 140. அடுத்த மாசம் அந்த அண்ணன் வீட்டுலயே ஒரு காதுகுத்து, கூப்பிட்டிருக்காங்க. அடுத்த எபிசோட்ல ஹெட்ஃபோன் க்யூ எப்படி செட் பண்றதுன்னு பேசலாம். வரட்டா.