செவியும் குரலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் கூத்தும் நிறைந்த இவ்விழாவில், பாடும் குரலும் கேட்கும் செவியும் எங்ஙனம் அமைந்தன என்பதைச் சிறிது ஆராய்வது பொருத்தமெனக் கருதுகின்றோம். உடற்கூற்று நூல் கூறும் செய்திகள் சிலவற்றை இவ்வவையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் செவிப்பறைக்குப் பின்னே மூன்று சிற்றெலும்புகள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. சுத்தி, பட்டடை, அங்கவடி என்பன அவற்றின் பெயர்கள். அங்கவடி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவே. உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அதுதான். அகன்ற பறையில் விழும் ஒலியைக் குறுகிய இடத்தில் குவித்து உட்செவிக்குள் செலுத்துவது இம்மூன்றின் தொழிலாகும்.

பல்லிக்கும் பறவைக்கும் இவ்விடத்தில் எலும்பு ஒன்றே. பாலூட்டிகளுக்கு மட்டும் மூன்று. மிகுதியான இரண்டும் எங்கிருந்து வந்தன? 1837ஆம் ஆண்டில் ரைஹர்ட் என்னும் செருமானிய அறிஞர் பன்றியின் கருவை ஆராய்ந்து விடை கண்டார். ஊர்வனவற்றின் தாடை மூட்டில் உள்ள இரண்டு எலும்புகளே பாலூட்டிகளிடத்துச் சுத்தியாகவும் பட்டடையாகவும் மாறின. பின்னர்க் கிடைத்த புதைபடிவங்களும் இதனை உறுதி செய்தன. உண்ண உதவியவை கேட்க உதவலாயின.

குரல்வளையின் வரலாறும் இத்தகையதே. உணவு மூச்சுக்குழலுள் புகாமல் காக்கும் வாயிற்காவலே அதன் முதல் தொழில். அங்குள்ள மடிப்புகள் மூச்சுக்காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பியது பிந்தி வந்த பயன். உண்ணும்போது பேசினால் புரையேறுகிறதன்றோ? பழைய காவல் தொழிலை அது நமக்கு நினைவூட்டுகிறது.

குரலும் செவியும் ஒன்றுக்கொன்று துணையாக அமைந்திருப்பதை விலங்குகளிடம் காணலாம். நொடிக்கு 20 அதிர்வுக்குக் குறைந்த ஒலியை நாம் கேட்பதில்லை. யானைகளோ அத்தகைய தாழ்ந்த ஒலியால் ஒன்றையொன்று அழைக்கின்றன. அமெரிக்காவில் கேட்டி பெயின் அம்மையார் 1984இல் விலங்குக் காட்சிச்சாலை யானைகளின் அருகே நின்றபோது, காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்து இதனை வெளிப்படுத்தினார். பூச்சி தின்னும் வௌவால் தன் குரலின் எதிரொலியைக் கேட்டு இருளில் இரை தேடுகிறது. குரல் எழுப்பும் கணத்தில் நடுச்செவித் தசை சுருங்கிச் செவியைக் காக்கிறது. எதிரொலி வருமுன் தளர்கிறது. கங்கையாற்று டால்பினின் கண்ணில் வில்லையே இல்லை. அது மூக்கின் வழியில் ஒலியை எழுப்பி, திரும்பி வரும் ஒலியைக் கீழ்த்தாடையின் கொழுப்பு வழியே ஏற்கிறது. தாடையிலிருந்து பிறந்த செவி, மீண்டும் தாடையின் துணையை நாடியது போலும்!

மனிதனுக்குப் பேச்சு வந்தது எதனால்? குரல்வளை தாழ்ந்திருப்பதே காரணம் என முன்னர்க் கருதினர். ஆனால் செம்மானின் ஆணுக்கும் அது தாழ்ந்தே உள்ளதென 2001இல் அறியப்பட்டது. மக்காக் குரங்கின் தொண்டையும் வாயும் பல உயிரொலிகளை எழுப்ப வல்லன என 2016இல் வெளியான ஆய்வு காட்டிற்று. குரங்கிற்கு இல்லாதது ஒலியுறுப்பன்று. கேட்டதைக் கற்றுக் குரலை ஆளும் மூளைத் திறனே.

ஆகவே பேச்சின் வாயில் செவியே. தாய் வயிற்றில் இறுதித் திங்கள்களிலேயே குழந்தை அவள் குரலைக் கேட்கிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் இந்தியின் தகர டகர வேறுபாட்டை ஆறு முதல் எட்டு மாதத்தில் உணர்ந்தன. ஓராண்டு நிரம்புமுன் அத்திறன் குன்றிவிட்டது. கனடாவில் நிகழ்ந்த இவ்வாய்வு 1984இல் வெளியாயிற்று.

தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உள. பிறந்த குழந்தையின் செவியைக் காலந்தாழ்த்தாது சோதிப்போம். பேசாத குழந்தையைப் ‘பிறகு பேசும்’ என்று வாளா விட்டுவிடாதிருப்போம். மற்றொன்று: லகர, ளகர, ழகரங்களைப் பள்ளி வந்து கற்பிக்கும் என்று காத்திராமல், தொட்டிலருகிலேயே தமிழ் பேசுவோம். செவியில் விழாத ஒலி நாவில் எழுவது அரிது.